மூன்று முறை காய்ந்த கிராம்பு

வெங்கிடேஷின் நாக்கு செத்துப் பல வருஷமாகிறது. வாய்க்கு ருசியாக ஒன்றும் கிடைக்காமல் நாக்கு செத்துப்போச்சு என்று சொல்வார்களே, அந்தக் கதை இல்லை. லோகாம்பாள் வீட்டில் நன்றாகவே சமைத்துப் போட்டாள். ஆனால் மனிதர் பார்ப்பது கொச்சியில், மட்டாஞ்சேரியை ஒட்டிய கொச்சங்காடியில் கிராம்பு இறக்குமதி செய்யும் ஒரு கம்பெனியில் தரம் பார்க்கிற வேலை. சாக்கில் குத்தூசியைச் செருகி உருவி, அதில் வந்த கிராம்பை நகத்தால் அழுத்தி எண்ணெய் கசிகிறதா என்று பார்த்து, பிறகு முன்பல்லால் கடிக்க வேண்டும். கடித்த இடம் சுரீரென்று காரம் ஏறி மரத்துப்போனால் நல்ல சரக்கு. காலையிலிருந்து இப்படிக் கடித்துக்கொண்டிருப்பவருக்குச் சாயங்காலம் சாம்பாரும் ஒன்றுதான், சுடுதண்ணீரும் ஒன்றுதான். உப்பு சரியாக இருக்கிறதா என்று கேட்பதை லோகாம்பாள் எப்போதோ விட்டுவிட்டாள்.

நாக்கோடு சேர்ந்து இன்னும் சிலதும் மரத்துப்போயிருந்தன. அதை அவர் ஒரு குறையாக நினைத்ததில்லை. அந்தத் தொழிலில் அது ஒரு சௌகரியம்.

ஏன் சௌகரியம் என்றால், கிராம்புக்கு விலை பேசுவது ஒரு நாள், கப்பல் வந்து சேர்வது வேறொரு நாள். நடுவில் சந்தை விலை விழுந்துவிட்டால், பேசிய விலையைக் கொடுக்க எந்த முதலாளிக்கு மனசு வரும்? அப்போது சரக்கில் ஒரு குற்றம் கண்டுபிடிக்க வேண்டும். தூசி, காம்பு, பூஞ்சை, ஈரம் என்று ஏதாவது ஒன்று. விற்கிறவனும் பழம் தின்று கொட்டை போட்டவன்தான். கொஞ்சம் முனகுவான், கொஞ்சம் திட்டுவான், கடைசியில் விலையைக் குறைத்துக்கொள்வான். குற்றம் நிஜமா பொய்யா என்று இரண்டு பக்கமும் யாரும் கேட்பதில்லை. கல்யாண வீட்டில் இன்னும் கொஞ்சம் சாப்பிடுங்கள் என்று உபசாரத்துக்குச் சொல்வது போலத்தான் அதுவும்.

போன வருஷம் ஐப்பசியில் அப்படித்தான் நடந்தது. ஆப்பிரிக்காவுக்குக் கிழக்கே கடலில் ஒரு தீவு நாடு. அதன் பெயரைச் சரியாக உச்சரிக்கக் கிடங்கில் ஒருவருக்கும் தெரியாது. எல்லோருக்கும் அது வெறும் 'தீவு'. அங்கே மலைச்சரிவில் கிராம்பு வளர்க்கும் விவசாயிகள் சேர்ந்து ஒரு சங்கம் வைத்து, இடையில் தரகன் யாரும் இல்லாமல் முதல் தடவையாக நேரடியாக ஒரு கண்டெய்னர் அனுப்பியிருந்தார்கள். அது கடலில் வந்துகொண்டிருக்கும்போதே விலை சரிந்தது. முதலாளி கிருஷ்ணபிரசாத் வெங்கிடேஷைக் கூப்பிட்டு, ஈரம் கூடுதல் என்று சொல்லிவிடலாம் என்றார். வெங்கிடேஷ் மறுபேச்சுப் பேசவில்லை. நல்ல கிராம்பாக ஒரு தட்டு எடுத்து, காயலைப் பார்த்த ஜன்னலில் இரவு முழுக்க வைத்துவிட்டுப் போனார். துலாவர்ஷம் என்கிற ஐப்பசி மழை. மட்டாஞ்சேரியில் அந்த மாதத்தில் உப்பு ஜாடியே தண்ணீர் விடும், கிராம்பு எந்த மூலைக்கு?

மறுநாள் வீடியோவில் தீவுக்காரர்களைக் கூப்பிட்டு, அவர்கள் கண் முன்னால் அந்தக் கிராம்பை ஈரம் பார்க்கிற மீட்டரில் போட்டுக் காட்டினார். மீட்டர் ஈரம் அதிகம் என்றது. தான் பொய் எதுவும் சொல்லவில்லை, மீட்டர்தான் சொன்னது என்று தன்னைத் தேற்றிக்கொள்ள அவருக்கு இடமிருந்தது. தேற்றிக்கொள்ளும் அவசியம்கூட வரவில்லை என்பதுதான் விஷயம். திரையில் சங்கத்தின் தலைவர் பக்கார் என்கிறவர் முனகவும் இல்லை, திட்டவும் இல்லை. அவ்வளவு ஈரமா என்று மட்டும் இரண்டு முறை கேட்டார். பிறகு பாதி விலைக்குத் தலையாட்டினார். தீபாவளிக்குள் வெங்கிடேஷ் அதை மறந்தும்விட்டார்.

இந்த வருஷம் நிலவரம் தலைகீழ். மற்ற நாடுகளில் விளைச்சல் இல்லை, கிராம்பு விலை ஏறிக்கொண்டே போனது. வடக்கே ஒரு மசாலா கம்பெனி எவ்வளவு வந்தாலும் எடுத்துக்கொள்கிறோம் என்று சொல்லியிருந்தது. தீவுச் சங்கத்திலிருந்து மறுபடி ஒரு கண்டெய்னர் வந்தது. கூடவே, யாரும் எதிர்பாராத வகையில், பக்காரே விமானம் ஏறி வந்துவிட்டார்.

ஐம்பது வயதிருக்கும். ஒல்லி, உயரம். அந்தப் புழுக்கத்திலும் ஒரு பழுப்புக் கோட்டைக் கழற்ற மாட்டேன் என்றார். கொச்சங்காடியில் அவருக்கு ஒரு நாளில் ஊர்ப் பெயர் கிடைத்துவிட்டது. அந்தத் தெருவில் பக்கர் என்று ஏற்கெனவே பல பேர் இருந்தார்கள். சாயாக்கடைக்காரர் அவரையும் பக்கர் அண்ணன் என்கிற அர்த்தத்தில் 'பக்கர்க்கா' ஆக்கிவிட்டார். லாட்ஜில் தங்கி, தொழுகைக்குப் பக்கத்துப் பள்ளிவாசலுக்குப் போய்விட்டு, நேராகக் கிடங்குக்கு வருவார். அவருடைய இங்கிலீஷும் வெங்கிடேஷின் இங்கிலீஷும் ஒன்றுக்கொன்று சளைத்ததில்லை. ஆனாலும் இருவருக்கும் பேச்சு ஓடியது.

முதல் நாள் பார்த்ததுமே பக்கார் வெங்கிடேஷின் கையைப் பிடித்துத் தன் நெஞ்சில் வைத்துக்கொண்டார். இத்தனை வருஷமாக எங்களிடம் வாங்கியவர்கள் விலையை மட்டும்தான் சொன்னார்கள், நீங்கள் ஒருவர்தான் காரணம் சொன்னீர்கள் என்றார். வெங்கிடேஷுக்கு முதலில் அவர் எதைச் சொல்கிறார் என்றே புரியவில்லை. புரிந்தபோது சிரித்து வைத்தார்.

கண்டெய்னர் சுங்கத்திலிருந்து வெளியே வரத் தாமதமானது. பக்கார் கிடங்கு வாசலில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, பால் விடாத கட்டன்சாயா குடித்துக்கொண்டு, தன் நாட்டைப் பற்றிச் சொன்னார். அங்கே விற்பதற்குக் கிராம்பு ஒன்றுதான். கொஞ்சம் வனிலா உண்டு, பெயருக்கு. அரிசி கப்பலில் வர வேண்டும், டீசல் வர வேண்டும், மருந்து வர வேண்டும். எல்லாவற்றுக்கும் பணம் கிராம்பு மரத்திலிருந்துதான். விலை ஏறிய வருஷம் கல்யாணம் நடக்கும். விழுந்த வருஷம் அரசாங்கத்து வாத்தியாருக்குச் சம்பளம் வராது. போன வருஷம் பாதி விலை கிடைத்ததில் மலையில் பல வீடுகளில் ஒரு வேளைச் சோறு நின்றது. ஆஸ்பத்திரியில் ஜெனரேட்டர் ஓடவில்லை. இதையெல்லாம் குறையாகச் சொல்லாமல், மழை பெய்தது வெயில் அடித்தது என்கிற மாதிரி சொன்னார். இந்தக் கண்டெய்னர் நல்ல விலைக்குப் போனால் சங்கம் பிழைக்கும் என்றார். போகாவிட்டால் ஆளுக்கு ஆள் பழைய தரகர்களிடம் போய்க் கை நீட்ட வேண்டியதுதான். மரங்களையே அடகு வைத்துவிட்டவர்கள் இருக்கிறார்கள்.

உங்கள் ஊரில் என்ன விளைகிறது என்று பக்கார் திருப்பிக் கேட்டார். வெங்கிடேஷ் யோசித்தார். மிளகு என்று சொல்லலாம், ஆனால் கண்ணெதிரில் இருந்த மிளகு மூட்டைகளே வேறு நாட்டிலிருந்து வந்து இறங்கியவை. நாங்கள் பிள்ளைகளை வளர்த்து வெளியே அனுப்புகிறோம், என் பையன் சந்தீப் துபாயில் இருக்கிறான் என்றார். அங்கே எண்ணெய் விலை விழுந்தால் இங்கே பாதி கட்டிய வீடு அப்படியே நிற்கும் என்றும் சொன்னார். பக்கார் அதை உடனே புரிந்துகொண்டார். சந்தீப்பின் போட்டோவைக் கேட்டு வாங்கிப் பார்த்தார்.

பதிலுக்கு அவரும் தன் போனில் ஒரு வீடியோ காட்டினார். மலைச்சரிவு முழுக்க இரும்புத் தகடுகள், அடியில் தீ. பெண்கள் முகத்தில் துணி கட்டிக்கொண்டு நீளமான கோலால் கிராம்பைப் புரட்டுகிறார்கள். எங்கே பார்த்தாலும் புகை. எப்போதும் பாயில் பரப்பி வெயிலில்தான் காயவைப்போம், நீங்கள் ஈரம் என்றீர்கள் அல்லவா, அதற்குப் பிறகு வெயிலில் ஒரு தடவை, தீயில் இரண்டு தடவை என்று பக்கார் பெருமையாக விளக்கினார். அதோடு விடவில்லை. மந்திரியிடம் போய், கொச்சியில் மீட்டரில் காட்டினார்கள், என் கண்ணால் பார்த்தேன் என்று சொல்லியிருக்கிறார். மந்திரிக்கும் போன வருஷ நஷ்டத்துக்கு ஒரு காரணம் தேவைப்பட்டிருக்கிறது. ரேடியோவில் உத்தரவு போட்டுவிட்டார். மூன்று முறை காயாத கிராம்பு துறைமுகத்துக்குள் நுழையக் கூடாது. சங்கம் மட்டுமில்லை, இப்போது நாடு முழுக்க அப்படித்தான் காயவைக்கிறார்கள்.

"பறித்ததில் பாதிதான் கப்பல் ஏறியிருக்கிறது. மீதியும் இப்போது தீயில் இருக்கிறது" என்றார் பக்கார்.

வெங்கிடேஷ் வீடியோவைத் திரும்பப் போடச் சொல்லிப் பார்த்தார். கிராம்பு எண்ணெய் சூடு தாங்காது. இந்தத் தொழிலில் இருக்கிற யாருக்கும் தெரிந்த விஷயம் அது. ஒருவேளை சூடு அவ்வளவு ஏறியிருக்காது என்று தனக்குள் சப்பைக்கட்டுக் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார். லோகாம்பாள் போட்டதைச் சாப்பிட்டுவிட்டுப் படுத்தார்.

மறுநாள் காலை சரக்கு வந்து இறங்கியது. கிருஷ்ணபிரசாத் மாடியிலிருந்து இறங்கி வந்து அவரைத் தனியே கூப்பிட்டார். முதலாளிக்கு வெங்கிடேஷைவிட இருபது வயது குறைவு. அப்பா காலத்து ஆள் என்பதால் மரியாதையாகத்தான் பேசுவார். இருவருக்கும் பூர்வீகம் பாலக்காடு, பேச்சில் மலையாளம் கலந்து வரும்.

"வெங்கிடேஷண்ணா, இந்தத் தடவை குத்தம் ஒண்ணும் வேண்டாம் கேட்டேளா. சரக்கு சுமாரா இருந்தாலும் மதி, போதும். பாஸ் பண்ணிடுங்கோ."

கிராம்பு பொறுக்குகிற பெண்களுக்குத் தலைவி பேச்சி முதல் சாக்கைப் பிரித்துச் சாய்த்தாள். வழக்கமாக ஒரு சாக்கைப் பிரித்ததும் அந்தக் காரத்தில் நாலு பேராவது தும்முவார்கள். யாரும் தும்மவில்லை. கிராம்பு கறுத்து, லேசாக, சருகு மாதிரி சலசலத்துக்கொண்டு விழுந்தது. பாதிக்கு மேல் தலை உதிர்ந்திருந்தது. வெங்கிடேஷ் நகத்தால் அழுத்தினார், நொறுங்கியது. வாயில் போட்டுக் கடித்தார். அன்றைக்கு அதுதான் முதல் கடி, நாக்கு விழித்துத்தான் இருந்தது. காத்திருந்தார். ஒன்றும் ஆகவில்லை. வேறு சாக்கில் எடுத்தார், அடியில் கிடந்த சாக்கில் எடுத்தார், கண்டெய்னரின் உள்மூலையில் இருந்த சாக்கில் எடுத்தார். எல்லாம் கருகிய மரத்துண்டைக் கடித்த மாதிரியே இருந்தது. பக்கார் ஸ்டூலில் உட்கார்ந்தபடி அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வெங்கிடேஷ் மாடி ஏறினார். எண்ணெய் மொத்தமும் அடுப்பிலே போய்விட்டது, இதை யார் தலையிலும் கட்ட முடியாது என்றார். கிருஷ்ணபிரசாத் நம்பாமல் தானும் ஒன்றை வாங்கிக் கடித்துப் பார்த்துத் துப்பினார். மசாலா கம்பெனியில் பரிசோதனைக்குப் போட்டால் உடனே தெரிந்துவிடும், கம்பெனி பெயரும் கெட்டுப்போகும். அவர் முகத்தில் நிஜமான வருத்தம் இருந்தது. இந்தச் சரக்கை நம்பி அவரும் வாக்குக் கொடுத்திருந்தார். எந்த மடையன் கிராம்பை இப்படி வறுப்பான் என்று கேட்டார்.

"நாமதான் சொன்னோம். போன துலாத்துல" என்றார் வெங்கிடேஷ்.

கிருஷ்ணபிரசாத் மேஜை மேலிருந்த போனைத் திருப்பித் திருப்பி வைத்தார். "நாம சொன்னோம்னா? அவா கொஞ்சம் சண்டை போட்டு விலையைக் குறைச்சுண்டு போயிருக்கணும். இதைப் போய் யாராவது நிஜம்னு எடுத்துப்பாளா?"

மட்டாஞ்சேரியில் யாரும் எடுத்துக்கொண்டிருக்க மாட்டார்கள்தான். வெங்கிடேஷ் வீடியோவில் பார்த்ததைச் சொன்னார். ரேடியோ உத்தரவைச் சொன்னார். அங்கே இப்போதும் தீ எரிந்துகொண்டிருக்கிறது என்றார்.

"அதுக்கு நாம என்ன செய்யறது, அண்ணா?" என்றார் கிருஷ்ணபிரசாத். அலட்சியமாகக் கேட்கவில்லை. பதில் இருந்தால் சொல்லுங்கள் என்கிற மாதிரிதான் கேட்டார். வெங்கிடேஷ் திரும்பிப் படிக்கு வந்தார். அவர் படி இறங்கும்போது முதலாளி பின்னாலேயே வந்து குரலைத் தாழ்த்தினார். "போன வருஷத்துக் கார்யம் ஒண்ணும் அவர்கிட்ட பறையண்டாம். எண்ணெய் இல்லைன்னு மட்டும் சொன்னா மதி."

கீழே பக்கார் எழுந்து நின்றார். வெங்கிடேஷ் சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டார். சரக்கை எடுக்க முடியாது, எண்ணெய் இல்லை. சொல்லிவிட்டு, இவர் இப்போதாவது கத்துவார் என்று எதிர்பார்த்தார். கத்தினால் தேவலை என்றுகூட இருந்தது. பக்கார் கத்தவில்லை. கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, வகுப்பில் சந்தேகம் கேட்கிறவரைப் போல் கேட்டார்.

"போன வருஷம் ஈரம். இந்த வருஷம் எண்ணெய். அடுத்த வருஷத்துக்கு நாங்கள் என்ன செய்ய வேண்டும்? இப்போதே சொல்லிவிடுங்கள், நான் போய்ச் சொல்கிறேன். நீங்கள் சொன்னால் செய்வார்கள்."

அதில் துளி கிண்டல் இல்லை. வெங்கிடேஷால் தாங்க முடியாமல் போனது அதுதான். மாடியில் முதலாளி நிற்கிறார் என்பது அவருக்கு நினைவிருந்தது. இருந்தும் வாய் திறந்துவிட்டது.

"ஒன்றும் செய்ய வேண்டாம். முன்னால் எப்படி வெயிலில் காயவைத்தீர்களோ அப்படியே செய்யுங்கள். போன வருஷம் உங்கள் சரக்கில் ஈரம் இல்லை. நல்ல சரக்கு. விலை விழுந்திருந்தது, அவ்வளவுதான். ராத்திரி ஜன்னலில் வைத்து அதை நான்தான் ஈரமாக்கினேன். முதலில் தீயை அணைக்கச் சொல்லுங்கள்."

பக்கார் மெல்ல ஸ்டூலில் உட்கார்ந்தார். பேச்சியும் மற்ற பெண்களும் வேலை இல்லாமல் சுவரோரம் நின்றார்கள். இங்கிலீஷ் புரியாவிட்டாலும் ஏதோ ஆகிவிட்டது என்று அவர்களுக்குத் தெரிந்தது. பக்கார் நிமிர்ந்து, இன்றைக்கு விலை எப்படி என்று கேட்டார். ஏறியிருக்கிறது, நன்றாக ஏறியிருக்கிறது என்றார் வெங்கிடேஷ்.

"அப்படியானால் இப்போது சொல்வது உண்மை" என்றார் பக்கார், தனக்குத்தானே கணக்குப் போட்டுப் பார்த்த மாதிரி. தரையில் கிடந்த கிராம்பில் ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். "தலை உதிர்கிறது, வாசனை போகிறது, எடை குறைகிறது என்று எங்கள் பெண்கள் சொன்னார்கள். எனக்கும் தெரிந்தது. வாங்குகிறவர்களுக்குத் தெரியாதா என்றேன். நாங்கள் கிராம்பைத் தின்பதில்லை, விற்கிறோம். எப்படி வேண்டும் என்று உங்களுக்குத்தானே தெரியும்?"

தீயை அணைக்கச் சொல்லுங்கள் என்று வெங்கிடேஷ் மறுபடி சொன்னார். மந்திரிக்கு நான் எழுதித் தருகிறேன், என் பெயரைப் போட்டே எழுதித் தருகிறேன் என்றார். வேலை போகும் என்று அவருக்குத் தெரியும். அந்தப் பயம்கூட எங்கோ தூரத்தில்தான் இருந்தது.

பக்கார் தலையை அசைத்தார். "உத்தரவு வானொலியில் வந்துவிட்டது. மீறினால் அபராதம். அதை மாற்றச் சொல்லி மந்திரியிடம் போய் நான் என்ன சொல்லட்டும்? கொச்சியில் ஒருவர் போன வருஷம் பொய் சொன்னாராம், இந்த வருஷம் உண்மை சொல்கிறாராம் என்றா? இரண்டையும் சொல்கிறவர் நீங்கள் ஒருவர்தான். அடுத்த வருஷம் விலை விழுந்தால் மறுபடி ஈரம் என்பீர்கள். அப்போது தீ எங்கே என்று அவர் என்னைக் கேட்பார்."

வெங்கிடேஷுக்கு வெட்கமாக இருந்தது. அழுகை வந்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது, வரவில்லை. அடுத்த வருஷம் அப்படிச் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுக்கலாமா என்று யோசித்தார். கிருஷ்ணபிரசாத் மாடிப்படியில் நின்று இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார்.

அந்த நேரம் பார்த்து பக்காரின் போன் அடித்தது. ஊரிலிருந்து வீடியோ அழைப்பு. அவர் எடுக்கத் தயங்கினார், நின்று மறுபடி அடித்ததும் எடுத்தார். திரை நிறைய முகங்கள், ஒருவரை ஒருவர் தள்ளிக்கொண்டு நின்றார்கள். பின்னால் புகை. சரக்கைப் பிரிக்கிற நாள் எது என்று அவர்களுக்குத் தெரியும், எல்லோரும் அதற்காகவே கூடியிருந்தார்கள். ஒரு பெண் போனைப் பிடுங்கி ஏதோ கேட்டாள். பக்கார் அவளைப் பார்த்தார், வெங்கிடேஷைப் பார்த்தார், பிறகு தன் மொழியில் சுருக்கமாக ஏதோ சொன்னார்.

அங்கே ஒரே கூச்சல். கை தட்டினார்கள். யாரோ பாட ஆரம்பித்தார்கள். பின்னால் நின்ற ஒருவர் குனிந்து ஒரு விறகுக் கட்டையைத் தூக்கித் தகட்டுக்கு அடியில் தள்ளினார்.

பக்கார் போனை அணைத்துக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டார். என்ன சொன்னீர்கள் என்று வெங்கிடேஷ் கேட்டார்.

"மற்றதை நேரில் போய்ச் சொல்லிக்கொள்கிறேன், இப்போது வாய் வரவில்லை. கிராம்பு நன்றாகக் காய்ந்திருக்கிறது என்று வெங்கிடேஷ் சார் சொன்னார் என்றேன். அது உண்மைதானே?"

"உண்மைதான்" என்றார் வெங்கிடேஷ்.